கட்டிக் கணக்கும் கூறு கறியும்

காவிரிப்பூம்பட்டினத்தின் மருவூர்ப்பாக்கத்தை விவரிக்கும் சிலப்பதிகாரம், மீன் விற்போர், உப்பு விற்போர், வெற்றிலை விற்போர் ஆகியோருடன் இறைச்சி விற்போரையும் சேர்த்தே எண்ணுகிறது. அதே பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, வாங்குவதிலும் விற்பதிலும் அளவு பிறழாத வணிகரைப் போற்றுகிறது. அளவு பிறழாமை ஓர் அறமாகப் பாடப்பட்டது என்றால், அளவு பிறழ்வதும் அன்றே வழக்கில் இருந்தது என்பது பெறப்படும். வணிகனின் நேர்மை ஒருபுறம் இருக்க, வாங்குவோனின் அறிவும் சந்தைக்குத் தேவையாயிற்று.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் குடியேறிய தமிழர்களின் வாழ்க்கையில் இந்த அறிவு மிகுதியும் சோதிக்கப்பட்ட இடங்களுள் ஒன்று கறிக்கடை. அரிசியும் பருப்பும் எங்கு வாங்கினாலும் ஏறத்தாழ ஒன்றுதான். கறியோ அத்தகையதன்று. ஒரே ஆட்டின் தொடையும் கழுத்தும் வேறு வேறு பண்டங்கள். எலும்பும் கொழுப்பும் நீரும் ஒரே தராசில் ஏறுகின்றன. ஆகவே கறி வாங்குவதில் சிக்கனம் என்பது பேரம் பேசும் திறமையால் மட்டும் வந்ததன்று. எடையை அறிதல், விலங்கை அறிதல், பலர் கூடி வாங்குதல் ஆகிய மூன்றினாலேயே அது வந்தது என்பதை இந்நாடுகளின் வரலாறு காட்டுகிறது.

எருமைக் கொட்டில்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை வட்டாரம் ஒரு காலத்தில் கால்நடை வாணிகத்தின் நடுவிடமாக விளங்கியது. நீரும் புல்லும் அங்கு எளிதிற் கிடைத்தன. ‘கண்டாங் கெர்பாவ்’ என்னும் மலாய்ப் பெயருக்கு எருமைக் கொட்டில் என்பது பொருள். பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை ஆகிய பெயர்கள் இன்றும் அந்தத் தொழிலை நினைவூட்டுகின்றன. கல்கத்தாவிலிருந்து வந்து கால்நடை வாணிகம் செய்த ஐ. ஆர். பெலிலியோசின் பெயரை அங்குள்ள ஒரு சாலை தாங்கி நிற்கிறது. மாடு மேய்ப்போர், பால் கறப்போர், வண்டியோட்டுவோர், தோல் பதனிடுவோர் எனப் பல தொழிலாளர்கள் அவ்வட்டாரத்தில் வாழ்ந்தனர். அவர்களுள் தமிழர் பலர்.

1915ஆம் ஆண்டில் அங்கு ஒரு சந்தை கட்டப்பட்டது. மூங்கிற் புதர்களால் அமைந்த சீனப் பெயரை ஒட்டி மக்கள் அதனைத் தேக்கா என்றனர். 1982ஆம் ஆண்டில் அச்சந்தை சாலைக்கு எதிர்ப்புறம் புதிய கட்டடத்துக்கு மாறியது. சில காலம் சீன மொழியின் மாண்டரின் ஒலிப்பில் ‘ஜூஜியாவ்’ என்று வழங்கப்பெற்று, 2000ஆம் ஆண்டில் மீண்டும் தேக்கா என்னும் பெயரையே பெற்றது. அச்சந்தையின் ஆட்டுக்கறிக் கடைக்காரர்களுள் இந்திய முஸ்லிம்கள் மிகுதி. மாட்டிறைச்சியை விலக்கும் இந்துவும் பன்றி இறைச்சியை விலக்கும் முஸ்லிமும் ஒருங்கே உண்ணக்கூடியது ஆட்டுக்கறி. ஆகவே முஸ்லிம் கடைக்காரரும் இந்து வாடிக்கையாளரும் பல தலைமுறைகளாக ஒரே மரக்கட்டையின் இருபுறமும் நின்று பழகினர். தந்தையிடம் வாங்கியவர் மகனிடமும் வாங்கினார். வாடிக்கை என்னும் இந்த உறவே கறிக்கடைச் சிக்கனத்தின் முதற்படியாகும். முகம் அறிந்தவருக்கு அழுகலைக் கொடுக்கக் கடைக்காரர் கூசுவார்; நாளையும் அவர் வரவேண்டுமே என்னும் எண்ணம் தராசுக்கு ஒரு காவலாக நின்றது.

அரை வெள்ளிக் கூலி

பட்டணத்துத் தமிழருக்குச் சந்தை அருகில் இருந்தது. தோட்டத்துத் தமிழருக்கு அது மைல்களுக்கு அப்பால் இருந்தது. அவர்களுடைய வருவாயோ மிகச் சிறிது. 1920களின் பிற்பகுதியில் முதன்மையான தோட்ட மாவட்டங்களில் அரசு வகுத்த தரக்கூலி, நாளொன்றுக்கு ஆடவர்க்கு 50 காசு, பெண்டிர்க்கு 40 காசு. 1930ஆம் ஆண்டில் உலகப் பொருளாதார மந்தம் ரப்பர் விலையை வீழ்த்தியபோது, அக்கூலி 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. அரிசியும் உப்பும் எண்ணெயும் வாங்கிய பின்னர் எஞ்சுவதிலேதான் கறிக்கு இடம். ஆகவே சம்பள நாளை அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளியுமே பல லயன் வீடுகளில் கறி கொதிக்கும் நாள்களாயின.

இந்நிலையில் சிக்கனத்துக்குப் பகையாக நின்றவை இரண்டு. ஒன்று கள்ளுக்கடை. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுதலையும் கோரிக்கையாக வைத்தனர். குடும்பத்தின் உணவுக்குரிய காசு எங்கே கரைந்தது என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். மற்றொன்று கடன். மாதம் ஒருமுறை சம்பளம் பெறுவோர் மாதம் முழுவதும் கடனுக்கு வாங்கினர். பிற்காலத்தில் 555 என்னும் எண் பொறித்த சிறு குறிப்பேடே கடன் கணக்குக்கு மறுபெயராயிற்று. கடனுக்கு வாங்குபவன் கறியின் பகுதியைத் தேர்ந்தெடுக்க இயலாது. விலையைக் கேட்கவும் நாக்கூசுவான். வேறு கடைக்குப் போகவும் முடியாது. காசு கொடுத்து வாங்குபவனுக்குக் கிட்டும் உரிமை மூன்றும் கடன்காரனுக்கு இல்லை. கறிக்கடையில் ரொக்கமே மலிவு என்பது அன்றைய தொழிலாளி பட்டறிந்த பாடம்.

கூறு கறி

இந்த நெருக்கடிக்குத் தோட்டத்து மக்கள் கண்ட விடை, அவர்கள் ஊரிலிருந்து உடன் கொண்டு வந்த ஒரு வழக்கமே ஆகும். தமிழகச் சிற்றூர்களில் பல குடும்பத்தார் கூடிப் பணம் போட்டு, ஓர் ஆட்டை வாங்கி அறுத்துச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வர். இதனைக் கூறு கறி என்றும் பங்குக் கறி என்றும் வழங்குவர். தீபாவளி நெருங்கும்போது மலாயாவின் பல தோட்டங்களில் இவ்வழக்கம் தொடர்ந்தது. ஆடு கிடைப்பதும் அங்கு அரிதாக இல்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குடும்பமுள்ள தொழிலாளிக்குப் பயிரிடவும் கால்நடை மேய்க்கவும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கப்பட வேண்டும் என்றது. லயத்தின் பின்புறம் கட்டப்பட்ட ஆடு, ஏழையின் சேமிப்பு வங்கி. திருமணம், நோய், ஊர்ப்பயணம் என்று எது வந்தாலும் அதனை விற்றே காசாக்கினர்.

கூறு கறியின் கணக்கு நுட்பமானது. உயிருள்ள வெள்ளாட்டின் எடையில் ஏறத்தாழ 45 முதல் 50 விழுக்காடே எலும்போடு கூடிய கறியாகத் தேறும். முப்பது கிலோ ஆட்டில் பதினான்கு கிலோ கறி கிடைக்கும் எனக் கொள்ளலாம். அஃதாவது, ஒரு கிலோ கறியின் அடக்கவிலை, ஒரு கிலோ உயிரெடையின் விலையைப்போல் இருமடங்குக்குச் சற்று மேல். தலை, கால், குடல், ஈரல் ஆகியவை இக்கணக்குக்கு அப்பாற்பட்ட ஆதாயம். கறிக்கடையில் இந்த அடக்கவிலையின்மேல் அறுப்புக்கூலி, கடை வாடகை, விற்காமற்போவதன் இழப்பு, கடைக்காரரின் ஊதியம் ஆகியவை ஏறுகின்றன. அவை நியாயமான செலவுகளே. எனினும் பத்துக் குடும்பங்கள் தாமே கூடிக்கொள்ளும்போது அவற்றுட் பெரும்பகுதி மிச்சமாகிறது. ஆட்டின் உயிரெடை விலையை அறிந்தவன், கடைவிலை எவ்வளவு தூரம் உயர்ந்திருக்கிறது என்பதைத் தானே அளந்துகொள்ள முடியும்.

பங்கிடும் முறையிலும் ஓர் அறம் இருந்தது. வாழையிலைகளின்மேல் கூறுகள் வைக்கப்படும். ஒவ்வொரு கூற்றிலும் தொடைக்கறி கொஞ்சம், விலா கொஞ்சம், ஈரல் ஒரு துண்டு, கொழுப்பு ஒரு துண்டு இருக்கும். சில இடங்களில் ஒருவர் கூறுகளைப் பாராமல் திரும்பி நிற்பார். மற்றொருவர் ஒரு கூற்றைத் தொட்டு, “இது யாருக்கு?” என்று கேட்பார். திரும்பி நிற்பவர் ஒரு பெயரைச் சொல்வார். தண்டலுக்கும் புல்வெட்டும் கிழவிக்கும் ஒரே வகைக் கூறு. தராசே இல்லாத இடத்தில் நடுவுநிலை நின்றது இப்படித்தான். எந்தக் கூறு தமக்கு வரும் என்பது தெரியாதபோது, எல்லாக் கூறும் சமமாக இருப்பதில் எல்லாருக்கும் அக்கறை ஏற்பட்டது.

போர்க்காலம்

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்த மூன்றரை ஆண்டுகளில் கறிக்கடை என்னும் சொல்லே பலருக்கு நினைவாக மட்டும் எஞ்சியது. வெளியிலிருந்து வந்த பொருள்கள் நின்றன. அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கே பலரின் உணவாயிற்று. வாழைமரம் பொறித்த சப்பானியத் தாள்கள் நாளுக்கு நாள் மதிப்பிழந்தன. 1945ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் மீண்டதும் அத்தாள்கள் செல்லாக்காசாயின. தாளைச் சேர்த்து வைத்தவர் இழந்தனர். கோழியும் ஆடும் கிழங்குக் கொல்லையும் வைத்திருந்தவர் ஒருவாறு பிழைத்தனர். சிக்கனம் என்பது காசைச் சேர்ப்பது மட்டுமன்று என்பதை அக்காலம் கசப்பாகக் கற்பித்தது.

கட்டியும் கிலோவும்

இந்நாடுகளில் கறி நெடுங்காலம் ‘கட்டி’க் கணக்கில் விற்கப்பட்டது. ‘காத்தி’ என்னும் மலாய்ச் சொல்லே தமிழர் நாவில் கட்டி என மருவியது. ஒரு கட்டிக்குப் பதினாறு தாயில். நூறு கட்டி ஒரு பிக்கல். கட்டி ஒன்றுக்கு 604.79 கிராம் எடை. அதனை நிறுத்த கருவி டாச்சிங். தமிழில் வெள்ளிக்கோல் எனப்படும் தூக்குத் தராசே அது. ஒருபுறம் தட்டு, மறுபுறம் நகரும் குண்டு, நடுவில் பிடிகயிறு. கோலில் பதித்த புள்ளிகளைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது உண்மை சொல்லும். படிக்கத் தெரியாதவருக்குக் கடைக்காரர் சொல்வதே எடை. கோல் நிலைக்கு வருமுன் கயிற்றைத் தளர்த்துவதும், ஈரமான தாளைக் கறியோடு சேர்த்து நிறுப்பதும் ஏமாற்றுவோர் அறிந்த வித்தைகள். ஆதலால் தராசு படிக்கக் கற்றல், எழுத்தறிவுக்கு ஒப்பான ஒரு கல்வியாக இருந்தது.

சிங்கப்பூரில் 1970ஆம் ஆண்டில் மெட்ரிக் மாற்றத்துக்கென ஒரு வாரியம் அமைக்கப்பட்டது. மலேசியாவில் 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் அம்மாற்றத்துக்கு வழி வகுத்தது. பழக்கம் சட்டத்தைப்போல் ஒரே நாளில் மாறுவதன்று. கடைக்காரர் கிலோவில் நிறுத்தார். வாங்குவோர் கட்டியில் எண்ணினர். இந்த இடைவெளியிலே காசு கசிந்தது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இதனை விளக்கும். கட்டி ஒன்று 6 வெள்ளி எனின், ஒரு கிலோவின் சரியான விலை 9 வெள்ளி 92 காசு. அதனை 10 வெள்ளி என்று முழுமையாக்கினால் இழப்பு 8 காசே; அதனால் கேடில்லை. ஆயின், கட்டிக்குரிய 6 வெள்ளியைப் பெற்றுக்கொண்டு அரைக் கிலோவை நிறுத்துக் கொடுத்தால் 104 கிராமுக்கு மேல் குறைகிறது. ஆறில் ஒரு பங்குக் கறி கண்ணெதிரே மறைகிறது. கணக்குப் பாடத்தில் மாணவன் கற்கும் விகிதம், தாயின் கறிக்கூடையிலும் பயன்படும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

எலும்பின் விலை

எடையை அறிந்தால் மட்டும் போதாது. எடையில் எது இருக்கிறது என்பதையும் அறிதல் வேண்டும். வெள்ளாட்டுக் கறியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வரை எலும்பு இருக்கக்கூடும். எலும்போடு கூடிய கறி கிலோ 36 வெள்ளி என்று கொண்டால், அதிலுள்ள முக்கால் கிலோ தசைக்கே அத்தொகை கொடுக்கப்படுகிறது. அப்படியாயின் தனிக்கறியின் நிகர்விலை 48 வெள்ளி. தனிக்கறி இதற்குக் குறைவாகக் கிடைத்தால் அதுவே மலிவு. இதற்கு மேல் எனில் எலும்புக்கறியே மலிவு. எலும்பை வீசாமல் சாறு காய்ச்சும் வீட்டில் கணக்கு மேலும் எலும்பின் பக்கமே சாயும்.

மெதுவாக வேகும் கறிக்குழம்புக்கு இளந்தொடை வேண்டுவதில்லை. கழுத்து, நெஞ்செலும்பு, முன்சப்பை ஆகியவை நெடுநேரம் வெந்து குழைந்து சுவை தருபவை. ஈரல், சுவரொட்டி, குடல், தலை, கால் ஆகியவற்றைக் கறிக்குச் சமமாகச் சமைக்கத் தெரிந்த தாய்மார், குறைந்த காசில் நிறைந்த சத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டினர். வறுமை கற்பித்த இச்சமையல் பின்னர்ச் செல்வர் விரும்பும் சுவையாகவும் மாறியது. சிங்கப்பூரின் இந்திய முஸ்லிம் உணவுக்கடைகளில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றிய ‘சூப் துலாங்’ இதற்குச் சான்று. கறி நீக்கிய எலும்பைச் செந்நிறக் குழம்பில் இட்டு, உள்ளிருக்கும் மச்சையை உறிஞ்சி உண்ணும் உணவு அது. பலர் மதியாத பகுதியை மதிக்கத் தெரிந்தவன் மலிவாக வாங்குகிறான். எல்லாரும் அதை மதிக்கத் தொடங்கியதும் விலை ஏறுகிறது. ஆட்டுக்காலின் விலையும் இவ்வாறே உயர்ந்தது.

பனியில் வந்த கறி

1903ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனம் தொடங்கப்பெற்று, ஆஸ்திரேலியாவிலிருந்து உறையவைத்த இறைச்சியைத் தருவித்தது. முதலில் ஐரோப்பியர் இல்லங்களுக்கே அது சென்றது. காலப்போக்கில் பேரங்காடிகளும் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிகளும் பெருகின. ஆஸ்திரேலியச் செம்மறிக் கறியும், மலேசியாவில் இந்திய எருமைக் கறியும் எளியோருக்கு எட்டும் விலையில் வந்தன. காலையில் அறுத்த கறி மாலைக்குள் விற்றாக வேண்டும் என்ற பழைய கட்டாயம் நீங்கியது. தீபாவளிக்கு முன்னரே விலை குறைந்த வேளையில் வாங்கி வைக்கும் வசதியும் வந்தது.

வசதியோடு ஒரு மயக்கமும் வந்தது. ஆட்டுக்கறி என்னும் பொதுச்சொல் வெள்ளாட்டையும் செம்மறியையும் ஒருங்கே குறிக்கும். உள்நாட்டு வெள்ளாட்டின் விலையோ தருவிக்கப்பட்ட செம்மறியின் விலையைவிட மிக உயர்ந்தது. செம்மறிக் கறியை வெள்ளாட்டுக் கறியின் விலைக்கு வாங்கியவர் தராசால் ஏமாற்றப்படவில்லை; சொல்லால் ஏமாற்றப்பட்டார். மலாய்மொழி ‘காம்பிங்’ என்றும் ‘பிரி-பிரி’ என்றும் பிரித்துரைப்பதுபோல், தமிழும் வெள்ளாடு, செம்மறி என்று தெளிவாகவே பிரிக்கிறது. பொருளின் முழுப் பெயரைச் சொல்லிக் கேட்பதே இங்குச் சிக்கனம். உறைந்த கறியில் பனிநீரின் எடையும் சேர்ந்திருக்கும் என்பதும் மறக்கத்தக்கதன்று.

பயனீட்டாளர் என்னும் சொல்

வாங்குவோரின் நலனைக் காக்கும் முயற்சி 1969ஆம் ஆண்டில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கமாகவும், 1971ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமாகவும் உருப்பெற்றது. பயனீட்டாளர் என்னும் அழகிய தமிழ்ச்சொல் இவ்விரு நாடுகளிலும் வேரூன்றியது. பயனை ஈட்டிக்கொள்பவர் என்று அது பொருள்படுவது கருதத்தக்கது. விலை கொடுப்பவர் வெறுங்கையராய் நிற்பவரல்லர். கொடுத்த விலைக்குரிய பயனைக் கேட்டுப் பெறும் உரிமையுடையவர். மலேசியாவின் 2011ஆம் ஆண்டு விலைக்கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டம் அவ்வுரிமைக்கு அரண் செய்கிறது. பண்டிகைக் காலங்களில் குறிப்பிட்ட உணவுப்பொருள்களுக்கு உச்ச விலையும் அங்கு அறிவிக்கப்படுகிறது.

சட்டம் விலைக்கு வரம்பு கட்டலாம். ஆனால் கழுத்துக்கறிக்கும் தொடைக்கறிக்கும் வேறுபாடு சொல்லிக்கொடுக்க அதனால் இயலாது. அந்த அறிவு தாயிடமிருந்து மகளுக்கும், வாடிக்கைக் கடைக்காரரிடமிருந்து வாங்குவோருக்கும் வாய்வழியாகவே வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணங்களுக்குச் சிதறியபோது கூறு போட்ட கூட்டமும் கலைந்தது. நெகிழித் தாளில் பொதிந்து விலை ஒட்டப்பட்ட கறியிடம் எதையும் கேட்க முடியாது. கேட்கத் தேவையில்லை என்ற எண்ணம் வந்ததும், கேட்பதற்குரிய சொற்களும் மறையத் தொடங்கின. சுவரொட்டி என்றால் சுவரில் ஒட்டும் தாள் என்று மட்டுமே அறிந்த இளையோர் பெருகிவிட்டனர். சொல் மறையும்போது அதனோடு ஒரு மலிவான, சத்துள்ள உணவும் வீட்டைவிட்டு மறைகிறது.

அரை வெள்ளிக் கூலியில் வாழ்ந்த தலைமுறை, தன் பிள்ளைகளுக்குக் கறிச்சோறு ஊட்டியது செல்வத்தால் அன்று. கோலின் புள்ளிகளை அது படித்தது. ஆட்டின் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயரும் பயனும் அறிந்திருந்தது. அண்டை வீட்டாரோடு கூடி வாங்கிச் சமமாகக் கூறிட்டது. இவற்றுள் எதுவும் இன்று இயலாததன்று. ஐந்து குடும்பங்கள் கூடி, உரிமம் பெற்ற அறுப்பிடத்தில் ஓர் ஆட்டைச் சொல்லி வைக்கலாம். கறிக்கடைக்காரரிடம் இன்றும் பெயர் சொல்லிப் பகுதி கேட்கலாம். அளவைப் பாடம் நடத்தும் ஆசிரியர் கட்டியையும் கிலோவையும் ஒரே பலகையில் எழுதிக் காட்டலாம். முன்னோர் காசாக விட்டுச் சென்றது சிறிது. கணக்காக விட்டுச் சென்றதோ பெரிது. அதைக் கற்றுக்கொள்வது இனிவரும் தலைமுறையின் பொறுப்பு.